நானூறு மைக்ரான்

காபி வேண்டாம், நன்றி. நீங்கள் குடியுங்கள், மிஸஸ் ஓக்ரென். நான் காபியை விட்டு இருபத்தாறு வருடம் ஆகிறது. கை நடுங்கும் என்பதற்காக விட்டேன். எட்டு மாதம் பனி பெய்கிற இந்த டுலூத்தில் காபி குடிக்காத ஆளைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் என் கையைப் பற்றி இதுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. விசாரிக்க வந்திருக்கும் நீங்களும் சொல்லவில்லை, கவனித்தேன். உங்கள் கேள்விகள் எல்லாம் எண்களைப் பற்றித்தான் இருக்கின்றன.

பெயர் வெர்லின் ஹாக்ஸ்டாட். வயது ஐம்பத்தெட்டு. மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் கண்ணை அளப்பவன். கடிகாரத்துக்கு மேலே கண்ணாடி இருக்கிற மாதிரி கண்ணுக்கு முன்னால் ஒரு படலம் இருக்கிறது. கார்னியா. அரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். மரத்துப்போக ஒரு சொட்டு மருந்து விட்டு, பென்சில் முனை மாதிரி ஒரு கருவியை அதன்மேல் பட்டும் படாமலும் வைத்தால் திரையில் எண் வரும். கொஞ்சம் சாய்ந்தால் எண் கூடிவிடும். அழுத்தினால் குறைந்துவிடும். நேராக, பதற்றமில்லாமல், ஒரு மூச்சை அடக்கிக்கொண்டு வைக்க வேண்டும். பதினான்கு ஊர்களில் இந்த ஆய்வு நடந்தது. பதினான்கிலும் மிகச் சீரான அளவுகள் எங்களுடையவை என்று ஆய்வை நடத்திய கம்பெனி ஒரு விருது அனுப்பியது. உள்ளங்கை அளவு கண்ணாடிக் கண். என் மேசையில் இருந்திருக்கும், உங்கள் ஆட்கள் பெட்டியில் எடுத்துப் போட்டிருப்பார்கள். பத்திரமாக இருந்தால் சரி.

அந்த ஆய்வைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். சிலருக்குக் கார்னியா மெலிந்துகொண்டே வந்து, கூம்பு மாதிரி முன்னால் புடைக்கும். பார்ப்பதெல்லாம் இரண்டாகவும் நான்காகவும் தெரியும். அதற்கு வைட்டமின் சொட்டு விட்டு, புற ஊதா வெளிச்சம் காட்டினால் படலம் இறுகும். நோய் அத்தோடு நிற்கும். நல்ல சிகிச்சை, பல வருடமாக இருப்பதுதான். கம்பெனி செய்தது, முப்பது நிமிட வெளிச்சத்தை நான்கு நிமிடமாகச் சுருக்கி, அதற்கேற்ப உக்கிரமாக்கியது. இதில் ஒரே ஒரு கண்டிப்பான விதி. கார்னியா நானூறு மைக்ரானுக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நானூறு பங்குக்கு, குறையக் கூடாது. குறைந்தால் வெளிச்சம் அடிவரை போய் அங்கே இருக்கும் செல்களைக் கொன்றுவிடும். அந்தச் செல்கள்தான் படலத்திலிருந்து தண்ணீரை வெளியேற்றிக் கண்ணைத் தெளிவாக வைத்திருப்பவை. செத்தால் மறுபடி முளைக்காது.

நானூறு. யார் அந்த எண்ணை முடிவு செய்தார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். முந்நூற்றுத் தொண்ணூற்றாறு ஏன் இல்லை, நானூற்றுப் பதினொன்று ஏன் இல்லை. யாரோ ஒருவருக்கு முழு எண் பிடித்திருக்கிறது. நம் தலைமுடியின் கனமே எழுபது மைக்ரான். ஒரு மயிரிழையில் முப்பதில் ஒரு பங்குக்காக ஒரு மனிதனைத் திருப்பி அனுப்புவது எனக்கு எப்போதுமே சிறுபிள்ளைத்தனமாகத்தான் பட்டது.

முதலில் வந்தவர் அப்படித்தான் வந்தார். காட்டில் மரம் வெட்டுகிறவர். மூன்று முறை அளந்தேன், முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. நான்காம் முறை கொஞ்சம் சாய்த்து வைத்தேன், நானூற்றொன்று வந்தது. கருவி காட்டிய எண்தான் அது, நான் கண்டுபிடித்தது இல்லை. அவர் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். போன கிறிஸ்துமஸுக்கு மான் இறைச்சி அனுப்பினார்.

டாக்டர் டோலஃப்சனிடம் சொன்னீர்களா என்று கேட்கிறீர்கள். எங்கள் மையத்தில் ஆய்வுக்குப் பொறுப்பு அவர்தான், நல்ல மனிதர். படிக்காமல் கையெழுத்துப் போடும் அளவுக்கு நல்லவர். குளிர்காலத்தில் வியாழக்கிழமைகளில் அவர் உறைந்த ஏரியின்மேல் குடிசை போட்டு மீன் பிடிப்பார். புதன்கிழமை மாலை படிவங்களை அடுக்கி வைப்பேன். "எல்லாம் சரிதானேப்பா?" என்பார். "சரிதான் டாக்டர்" என்பேன். இத்தனை வருடத்தில் எங்களுக்குள் நடந்த அறிவியல் விவாதம் அவ்வளவுதான்.

கம்பெனியின் மேற்பார்வையாளர் கார்லா ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருவாள். ஒவ்வொரு காகிதமாகப் புரட்டுவாள். நீல மையில் எழுதியிருக்கிறதா, தவறை ஒரே கோட்டால் அடித்துத் தேதி போட்டிருக்கிறதா, பக்கத்தில் முதலெழுத்து இருக்கிறதா. ஒருமுறை ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். "வெர்லின், நீங்க போடற நாலு ஒன்பது மாதிரி இருக்கு, கொஞ்சம் கவனிங்க" என்றாள். அன்றிலிருந்து என் நான்குகளைத் தெளிவாகப் போட்டேன். அந்த ஆய்வில் எனக்கு நிறைய நான்குகள் தேவைப்பட்டன.

காலை அளவு என்னுடைய சொந்த யோசனை. கண்ணை மூடித் தூங்கும்போது கார்னியா கொஞ்சம் ஊறும். விழித்த பிறகு ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும். ஆகவே ஆளைப் படுக்கையிலிருந்து நேராக, கண்ணைத் திறக்காமல் வரச் சொன்னால் பத்து, பதினைந்து மைக்ரான் கூடுதலாகக் கிடைக்கும். எந்த நேரத்தில் அளக்க வேண்டும் என்று கம்பெனியின் தடிப் புத்தகத்தில் எங்கேயும் எழுதவில்லை. பேனா மையின் நிறத்தை எழுதியிருந்தார்கள்.

ஐலா கிவேலா வந்தது ஜனவரியில். முப்பத்து நான்கு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். இந்த ஊர் ரோடுகள் எப்படி நேராக ஏரியை நோக்கி இறங்குகின்றன என்று வரும்போது பார்த்திருப்பீர்கள். அதில் பனிக்காலத்தில் ஐம்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்குகிறவள். கண்ணைப் பரிசோதித்துக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்:

"வெர்லின், ஒளிவு மறைவில்லாம சொல்லிடறேன். எதிர்ல வர்ற ஒவ்வொரு வண்டிக்கும் எனக்கு நாலு விளக்கு தெரியுது. எந்த ரெண்டு நெஜம்னு யூகிச்சுதான் ஓட்டிட்டிருக்கேன்."

"பிள்ளைங்களுக்குத் தெரியுமா?"

"அதுங்க என்னை எங்க பாக்குதுங்க. பூரா நேரமும் போன்தான். நீங்க முதல்ல அதுங்க கண்ணை அளக்கணும்."

கெட்டியான லென்ஸ் போட்டுப் பார்த்திருக்கிறாள், கண் புண்ணாகிவிட்டது. செப்டம்பரில் உரிமம் புதுப்பிக்கக் கண் பரிசோதனை. அதில் தோற்றால் வேலை இல்லை. இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அளந்தேன். வலது முந்நூற்று எண்பத்து நான்கு. இடது அதைவிட மோசம். "நாளைக்குக் காலையில ஆறரைக்கு வாங்க. கண்ணைத் திறக்காம வரணும்" என்றேன்.

மறுநாள் அவளைக் கூட்டிவந்தவள் பெவ் மாக்கி. அவளும் பேருந்து ஓட்டுபவள்தான், குரல் பேருந்தைவிடப் பெரியது. ஐலாவின் கண்ணில் கம்பளித் துண்டைக் கட்டி, தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள்.

"படி இருக்குடி, பாத்து. வழியில சிக்னல்ல நின்னப்ப பக்கத்து வண்டிக்காரன் போலீசுக்குப் போன் பண்ணப் பாத்தான். நான் உன்னைக் கடத்திட்டுப் போறேன்னு நினைச்சிட்டான்."

"கடத்தறவ பணக்காரியாப் பாத்துக் கடத்தியிருப்பான்னு சொல்ல வேண்டியதுதானே" என்றாள் ஐலா துண்டுக்குள்ளிருந்து.

பெவ் என்னைப் பார்த்தாள். "இது என்னங்க கூத்து? கண்ணு தெரியறதுக்கு வைத்தியம்னு சொல்லிட்டுக் கண்ணைக் கட்டிக்கிட்டு வரச் சொல்றீங்க?"

அளவின் துல்லியத்துக்காக என்றேன். அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் வெள்ளை அங்கி போட்டவனிடம் இந்த ஊரில் யாரும் இரண்டாம் கேள்வி கேட்க மாட்டார்கள். அது மரியாதைக் குறைவு.

துண்டை அவிழ்த்த மறு நொடியில் அளந்தேன். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. ஒன்பது மைக்ரான் குறைவு. இன்னொரு முறையும் அதேதான். நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஐலா கருவியின் தாடைதாங்கியில் முகத்தை வைத்தபடியே கேட்டாள்: "பாஸா?"

அந்த நேரத்தில் இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். எனக்கு ஒருவர் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. இந்த ஊரில் யாருக்குமே இல்லை. விருந்தில் உப்பு அதிகமாக இருந்தால்கூட 'வித்தியாசமா இருக்கு' என்போம். வசந்தத்துக்குள் இருபத்து நான்கு பேரைச் சேர்ப்பதாக டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். பதினெட்டுதான் ஆகியிருந்தது. ஐலாவுக்கு வேலை வேண்டும், டாக்டருக்கு ஆள் வேண்டும், கம்பெனிக்கு எண் வேண்டும். இத்தனை பேருடைய மகிழ்ச்சிக்கும் குறுக்கே ஒன்பது மைக்ரான் நிற்பது எனக்கு அநியாயமாகப் பட்டது.

"பாஸ்" என்றேன். படிவத்தில் 403, 405, 404 என்று எழுதினேன். வெறும் நானூறு என்று எழுதக் கூடாது. நானூறு என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வரும். நானூற்று நான்கு ஒரு நேர்மையான எண். அவள் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அடுத்த முறை வரும்போது ஏலக்காய் போட்ட பின்னல் ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தாள். பின்லாந்துக்காரர்கள் வீட்டு ரொட்டி. இன்னும் சூடு ஆறாமல் இருந்தது.

என் வீட்டில் நீங்கள் எடுத்த பச்சை நோட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உண்மையான எண்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒன்றுகூட விடவில்லை. ஏன் எழுதி வைத்தாய் என்று உங்கள் உதவியாளர் கேட்டார். அளந்தது அளந்ததுதானே. நான் பொய்க் கணக்குக் காட்டுகிற ஆள் இல்லை.

வலது கண்ணுக்கு வெளிச்சம் வைத்தது ஜனவரி கடைசியில். நான்கு நிமிடம்தான். ஐலா அந்த நேரம் முழுவதும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், டாக்டர் "வாயை அசைக்காதீங்கம்மா" என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாம் வாரம் வந்தாள். கண் சிவப்பு இல்லை, வலி இல்லை. ஆனால் கறுப்பு இருந்த இடத்தில் ஒரு பால் நிறம்.

"வெர்லின், ஏரியிலருந்து காலையில மூடுபனி எழும்புமே, அது கண்ணுக்குள்ளேயே வந்த மாதிரி இருக்கு. வெயில் வந்தாலும் போக மாட்டேங்குது."

"ஆறும்போது கொஞ்சம் மங்கல் இருக்கும். எல்லாருக்கும் இருக்கும்."

"எல்லாருக்கும் இவ்வளவு இருக்குமா?"

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி."

டாக்டர் நடைபாதையில் போகிற போக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஆறு மாசத்துல தெளிஞ்சிடும்" என்றார். அவர் கையில் என் படிவம் இருந்தது. நானூற்று நான்கு உள்ள கண்ணுக்கு வேறு எதுவும் ஆக வாய்ப்பில்லை. அவர் அறிந்தவரையில் அவர் சொன்னது முழுக்கச் சரி. எனக்குத் தெரிந்துவிட்டது. அடிச் செல்களை எண்ணும் கருவியில் வைத்துப் பார்த்தேன். எண்ணுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

எங்கள் துறையில் கண் போய்விட்டது என்று சொல்ல மாட்டோம். 'எதிர்பாராத நிகழ்வு' என்போம். அப்படி ஒன்று நடந்தால் ஒரு படிவம். அந்தப் படிவம் பாதுகாப்புக் குழுவுக்குப் போகும். குழுவில் உள்ள ஐந்து பேரும் ஆரம்ப அளவுகளைக் கேட்பார்கள், கருவியைக் கேட்பார்கள், கடைசியில் கருவியைப் பிடித்த கையையும் கேட்பார்கள். ஒருவர் ஒரு கண்ணோடு நின்றுவிட்டால், ஏன் நின்றார் என்று கேட்பார்கள். அதுவே இரண்டு கண்ணையும் செய்துகொண்டால் 'விதிப்படி நிறைவு' என்று ஒரு கட்டத்தில் டிக் போடுவார்கள், அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. இது நான் ஏற்படுத்திய ஏற்பாடு இல்லை. நான் சேர்ந்தபோதே இப்படித்தான் இருந்தது.

ஏப்ரலில் துறைமுகத்தில் பனி உடைந்து இரும்புத்தாதுக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. ஐலாவையும் பெவ்வையும் என் அறையில் உட்கார வைத்துப் பேசினேன்.

பெவ் நாற்காலியில் உட்காரவே இல்லை. "ஒரு கண்ணு புகைமூட்டமாக் கெடக்கு. அது என்னன்னு தெரியறதுக்குள்ள இன்னொண்ணையும் குடுன்னா எப்படிங்க?"

"ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருந்தாத்தான் மூளை சீக்கிரம் பழகும்" என்றேன்.

அப்படி எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

"இடது கண்ணும் மெலிஞ்சுக்கிட்டேதான் இருக்கு. செப்டம்பர்ல பரிசோதனை இருக்குன்னு சொன்னீங்க. இப்ப விட்டா ஆய்வுல இடம் மூடிடும்" என்றேன். இதில் முதல் பகுதி உண்மை.

ஐலா மடியில் இருந்த கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், நல்ல கண்ணால். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களா இருந்தா பண்ணிக்குவீங்களா, வெர்லின்?"

"நேத்தே பண்ணியிருப்பேன்."

என் கார்னியா ஐந்நூற்று அறுபது மைக்ரான். எனக்கு அந்த நோய் கிடையாது. ஆகவே அந்தப் பதிலைப் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது.

"அப்ப சரி" என்றாள். "பெவ், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே. இவர் தினம் கண்ணைப் பாக்கறவரு. நாம தினம் பிரேக்கைப் பாக்கறவங்க."

"பிரேக் சரியில்லேன்னா நான் வண்டிய எடுக்க மாட்டேன்" என்றாள் பெவ்.

இடது கண் முந்நூற்று எழுபத்தொன்பது. அதுவும் துண்டு கட்டி, ஆறரை மணிக்கு அளந்தது. நானூற்றிரண்டு என்று எழுதினேன். இந்த முறை என் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் நடுங்கியதா என்று கேட்டீர்கள். மூன்று எண்ணையும் ஒரே மூச்சில் எழுதினேன். நான்குகள் நான்கு மாதிரியே இருந்தன.

மே மாதம் இடது கண்ணும் வெளுத்தது. ஜூனில் அவளுடைய உரிமத்தை எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக ஒருமுறை அவளை அளந்தேன். தண்ணீர் கோத்துக்கொண்டு இரண்டு கார்னியாவும் நன்றாக ஊறியிருந்தன. வலது அறுநூற்று நாற்பது, இடது அறுநூற்றுப் பதினெட்டு. அவள் விஷயத்தில் திரையில் வந்த எண்ணை நான் அப்படியே படிவத்தில் எழுதியது அந்த ஒருமுறைதான். இப்போது தகுதிக்கு மேலேயே இருந்தாள்.

அன்றைக்கே விலகல் படிவத்தையும் முடித்தோம். 'பங்கேற்பாளர் தம் சொந்த விருப்பத்தின்பேரில் ஆய்விலிருந்து விலகுகிறார்.'

"இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

"வழக்கமான படிவம்தான்."

அவள் விரலைப் பிடித்துக் கோட்டின் தொடக்கத்தில் வைத்தேன். கையெழுத்து கோட்டை விட்டு விலகாமல் விழுந்தது. அடுத்த முறை வந்தபோது கார்லா அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்து, "பாத்தீங்களா, படிவம்னா இப்படி இருக்கணும்" என்றாள்.

இலையுதிர் காலத்தில் டாக்டர் சிகாகோ மாநாட்டில் பேசினார். எங்கள் மையத்தில் கடுமையான எதிர்பாராத நிகழ்வு பூஜ்யம் என்று திரையில் போட்டார். கைதட்டினார்கள். மொத்தம் பதினொரு பேருக்கு நான் எண்ணைக் கூட்டி எழுதினேன். நோட்டில் எல்லாம் இருக்கிறது. அதில் எட்டுப் பேர் நன்றாக இருக்கிறார்கள். எட்டுப் பேர். விதியைப் பிடித்துத் தொங்கியிருந்தால் அந்த எட்டுப் பேருக்கும் சிகிச்சை கிடைத்திருக்காது. அவர்களைப் பற்றி நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

நான் கல்நெஞ்சன் இல்லை, மிஸஸ் ஓக்ரென். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐலாவின் வீட்டுக்குப் போனேன். ஆய்வு மையத்திலிருந்து வேறு யாரும் போகவில்லை. வாசலில் பனியைத் தள்ளிவிடுவேன். காட்டரிசி சூப் வாங்கிப் போவேன். குழாய் ஒழுகினால் பார்ப்பேன். அவளுக்கு வெளிச்சம் தெரியும், முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினால் தெரியும், அவ்வளவுதான். வாரம் முழுக்க வந்த தபாலை மேசையில் குவித்து வைத்திருப்பாள். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுவேன். மின்சார வாரியம், காப்பீடு, பள்ளியிலிருந்து பிள்ளைகள் எழுதிய அட்டைகள். பிள்ளைகளின் அட்டைகளை இரண்டு முறை வாசிக்கச் சொல்வாள்.

"உங்க குரல் ரேடியோல வானிலை சொல்றவர் மாதிரி இருக்கு வெர்லின். புயல் வருதுன்னாலும் பயமே வராது."

வலது கண்ணுக்கு இறந்தவர் ஒருவரின் கார்னியாவை எடுத்து மினியாபோலிஸில் ஒரு பெரிய மருத்துவமனையில் வைத்தார்கள். உடம்பு ஏற்கவில்லை. ஒரே மாதத்தில் அதுவும் வெளுத்துவிட்டது. இடது கண்ணுக்கு வரிசையில் பேர் போட்டிருந்தார்கள். அந்தக் கண்ணில்தான் அவளுடைய நம்பிக்கை எல்லாம் இருந்தது. தபாலை நான் எடுக்கும்போதெல்லாம், "மினியாபோலிஸ்லருந்து ஏதாவது?" என்று கேட்பாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, அது வந்தது. இடது கண்ணுக்குப் பொருத்தமான கார்னியா கிடைக்க ஏற்பாடாகியிருக்கிறது, இருபத்தெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு வந்து சேர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீழே ஒரு பத்தி. வலது கண்ணின் பாதிப்பு, நீங்கள் சொன்ன ஆரம்ப அளவுக்குப் பொருந்தவில்லை. ஆகவே ஆய்வுக்கு முன் எடுத்த எல்லா அளவுகளின் அசலையும் தவறாமல் கொண்டு வரவும்.

அந்தப் பத்தியை மட்டும் விட்டுவிட்டு வாசிக்கலாமா என்று யோசித்தேன். முடியாது. அவள் அங்கே போனால் அவர்கள் நேரிலேயே கேட்பார்கள்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்? மினியாபோலிஸா?"

"ஆமா. வரிசை நீளமா இருக்காம். அடுத்த வருஷம் வரைக்கும் பொறுத்திருக்கச் சொல்லியிருக்காங்க."

அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். "பேர் இருக்கில்ல?"

"பேர் இருக்கு."

"அது போதும். அதை ஃபிரிட்ஜ்ல மாட்டிடுங்க வெர்லின். பாக்க முடியலேன்னாலும் அங்க இருக்குன்னு தெரிஞ்சா ஒரு தெம்பு."

மாட்டினேன். மீன் வடிவக் காந்தம் ஒன்று இருந்தது, அதை வைத்து. கிழித்துப் போட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். இருபத்தாறு வருடத்தில் நான் ஒரு ஆவணத்தைக் கிழித்ததில்லை. மார்ச்சில் இரண்டாவது கடிதம் வந்தது. நீங்கள் வராததால் அந்தக் கார்னியாவை வேறொருவருக்கு வைத்துவிட்டோம், இன்னும் விருப்பம் இருந்தால் முப்பது நாளுக்குள் தொலைபேசியில் சொல்லவும், இல்லாவிட்டால் பெயர் நீக்கப்படும். அது ஏதோ கம்பள விளம்பரம் என்றேன். "நம்ம வீட்டுல கம்பளம் எங்க இருக்கு" என்று சிரித்தாள். அதையும் அந்த மீனுக்கு அடியிலேயே வைத்தேன்.

பெவ் வந்தது ஏப்ரலில், நானும் இருந்த ஒரு ஞாயிறு. ஐலா மேசையில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். விரலால் அளந்து அளந்து, சீராகத்தான் வெட்டினாள். பெவ் பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஐலா, நீ ஏன்டி இருபத்தெட்டாம் தேதி போகல?"

"எங்க?"

"மினியாபோலிஸுக்கு. பிப்ரவரி இருபத்தெட்டு. இங்க எழுதியிருக்கே."

"அது காத்திருக்கச் சொன்ன லெட்டர்டி. வெர்லின் வாசிச்சாரு."

"நான் வாசிக்கிறேன், கேளு."

பெவ் வாசித்தாள். சத்தமாக, அவசரமாக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல். பிறகு கம்பள விளம்பரத்தையும் வாசித்தாள். ஐலா வெட்டுவதை நிறுத்தியிருந்தாள். கத்தியைக் கீழே வைத்து, மேசை விளிம்பைத் தடவி, அது நடுவில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். அழவில்லை. கத்தவில்லை. என் நாற்காலி இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அவள் கண்கள் என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தன.

"நெஜமா எத்தனை இருந்துச்சு, வெர்லின்?"

"வலது நானூற்று நான்கு, இடது நானூற்றிரண்டு. படிவத்துல இருக்கு."

"படிவத்துல இல்ல. கண்ணுல."

கோட்டை எடுத்துக்கொண்டேன். பெவ் கதவை மறித்து நிற்பாள் என்று நினைத்தேன், நிற்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நான் படி இறங்கினேன். உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னது அவளாகத்தான் இருக்க வேண்டும்.

முழுவதும் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். வலது முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று, இடது முந்நூற்று எழுபத்தொன்பது. முதல் கண் என் எண்ணால் போனது. இரண்டாவது கண்ணை, முதல் எண்ணைக் காப்பாற்ற நானே கேட்டு வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வரவிருந்த பார்வையை அவள் சமையலறையில் அவள் எதிரில் உட்கார்ந்து வாசிக்காமல் விட்டேன். எல்லாம் தெரிந்து செய்தது. இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கையெழுத்து எங்கே என்று காட்டினால் போடுகிறேன். நீல மைதானே?

ஒரே ஒரு வேண்டுகோள். பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் இதன் நகல் ஒன்று ஐலாவுக்குத் தபாலில் போகும் என்று சொன்னீர்கள். சரிதான், அவளுக்குத் தெரிய வேண்டியதுதான். ஆனால் பெவ் வாசித்தால் நன்றாக இருக்காது. அவள் எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் வாசிப்பாள், கேட்கிறவள் மனம் என்ன பாடுபடும் என்று யோசிக்க மாட்டாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை எதுவும் இல்லை. நீங்கள் அனுமதித்தால் நானே போய், பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாக வாசித்துக் காட்டுகிறேன். முக்கியமானது எதையும் விடமாட்டேன்.